சந்தா சாகிபு

காவிரியாறு முக்கொம்பு என்னும் இடத்தில் இரு கிளைகளாகப் பிரிகின்றது. வடபால் செல்லும் கிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறுகின்றது. தென்பால் செல்வது காவிரி என்னும் பழம் பெயருடனேயே ஓடுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் பசுமையான தீவே திருவரங்கம். ஏழு மதில்கள் சூழ்ந்த அரங்கநாதர் கோயிலும், அதன் கிழக்கே திருவானைக்காக் கோயிலும் அத்தீவினை அணி செய்கின்றன. காவிரியின் தென்கரையில், சமவெளியின் நடுவே வானளாவ எழுந்து நிற்கும் பாறையைத் தன்னகத்தே கொண்டது திருச்சிராப்பள்ளி நகரம். இவ்வழகிய நிலப்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு பெரும் போர்க்களமாக மாறியது. கடல் கடந்து வந்த இரண்டு வல்லரசுகள் தமக்குள் இருந்த பகையை இங்கே தீர்த்துக்கொள்ள முயன்றன. அப்போட்டியில் உயர்ந்து, அப்போட்டியிலேயே வீழ்ந்தவன் சந்தா சாகிபு. அவன் வாழ்க்கை வீரமும் வஞ்சகமும் ஆசையும் அவலமும் கலந்த ஒரு பெருங்கதையாகும்.

காலத்தின் நிலை

1707-ஆம் ஆண்டில் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் மறைந்தார். அவருக்குப் பின் தில்லியின் ஆணை தொலைவிலிருந்த நாடுகளில் நாளுக்கு நாள் வலுக்குன்றியது. பேரரசின் பெயரால் வரி தண்ட வந்த அதிகாரிகள் தாமே அரசராயினர். 1724-ஆம் ஆண்டு முதல் நிசாம்-உல்-முல்க் ஐதராபாத்தில் தன்னுரிமையுடன் ஆளத் தொடங்கினார். அவருக்குக் கட்டுப்பட்டவராகக் கருதப்பட்ட ஆர்க்காட்டு நவாபுகளும் அவரைப் போலவே நடந்துகொண்டனர். இவ்வாறு கருநாடகம் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட தமிழ்நாட்டுக் கீழ்க்கரைப் பகுதி, பெயரளவில் தில்லிக்கு உட்பட்டும், உண்மையில் தனித்தும் நின்றது.

பழைய தலைமை போய்விட்டது; புதிய தலைமை வேரூன்றவில்லை. பதவிக்கு வருவோரின் உரிமையை உறுதி செய்யத்தக்க மேலிடம் ஒன்றும் இல்லை. ஆதலின் வாளே உரிமையை உறுதி செய்தது. இத்தகைய காலத்தில் ஆற்றலும் துணிவும் உடையோர் எவ்வளவு உயரமும் ஏறலாம். எவ்வளவு ஆழத்திலும் வீழலாம். சந்தா சாகிபு இவ்விரண்டையும் தன் வாழ்நாளிலேயே கண்டவன்.

திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றுதல்

சந்தா சாகிபுவின் இயற்பெயர் உசேன் தோஸ்து கான் என்பது. 1732-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபாகிய தோஸ்து அலி கானுக்கு அவன் மருமகன். திவான் பொறுப்பையும் ஏற்று அரசின் வலக்கையாக விளங்கினான். அறிவுக் கூர்மையும் போர்த்திறமும் கைவளமும் ஒருங்கே வாய்ந்தவன் என்று அவனைப் பகைவரும் மதித்தனர்.

அந்நாளில் திருச்சிராப்பள்ளி மதுரை நாயக்க மரபினரின் தலைநகராக இருந்தது. 1732-இல் விசயரங்க சொக்கநாத நாயக்கர் மக்கட்பேறின்றி மறைந்தார். அவருடைய தேவியாகிய மீனாட்சி ஆட்சிப் பொறுப்பை ஏற்றாள். அரச குலத்தைச் சேர்ந்த வங்காரு திருமலை என்பவன் அவளை எதிர்த்து அரியணைக்கு உரிமை கோரினான். உள்வீட்டுப் பூசல் மூண்டது. இப்பூசலில் நடுவராக இருந்து வழக்கைத் தீர்க்க வந்தவர்களே நவாபின் மகன் சப்தர் அலியும் மருமகன் சந்தா சாகிபும் ஆவர்.

அரசியிடம் பெரும்பொருள் பெற்றுக்கொண்டு அவளுக்குத் துணை நிற்பதாகச் சந்தா சாகிபு வாக்களித்தான். திருமறையின்மீது ஆணையிட்டு அவ்வாக்கை உறுதி செய்தான் என்று பழைய வரலாற்றுக் குறிப்புகள் கூறும். அவன் தொட்டு ஆணையிட்டது மறைநூலன்று, பட்டினால் சுற்றப்பட்ட வெறும் செங்கல்லே என்று ஒரு செவிவழிச் செய்தியும் உண்டு. அச்செய்தி எவ்வாறாயினும், அவன் வாக்குத் தவறியது உண்மை. கோட்டைக்குள் இடம் பெற்ற அவன், சிறிது காலத்திற்குள் கோட்டை முழுவதையும் தன்வயப்படுத்திக்கொண்டு அரசியைச் சிறையில் இட்டான். நம்பிக்கை இழந்த மீனாட்சி நஞ்சுண்டு உயிர் நீத்தாள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் தென்னாட்டை ஆண்ட நாயக்கர் ஆட்சி அவளுடன் முடிவுற்றது.

திருச்சிராப்பள்ளி இப்பொழுது சந்தா சாகிபுவின் தனியுடைமை போலாயிற்று. மதுரைப் பகுதியைத் தன் உடன்பிறந்தானாகிய படே சாகிபுவிடம் ஒப்படைத்தான். தஞ்சை மன்னரை நெருக்கிப் பொருள் கேட்டான். இந்நாளிலேயே புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரருடன் அவனுக்கு நட்பு உண்டாயிற்று. 1739-இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெறுவதற்கு அவன் துணை புரிந்தான். அன்று விதைத்த அந்நட்பு பின்னாளில் பெருமரமாக வளர்ந்தது. அதன் நிழலில் அவன் இளைப்பாறியதும் உண்டு; அம்மரமே முறிந்து அவன்மேல் வீழ்ந்ததும் உண்டு.

சிறையும் விடுதலையும்

சந்தா சாகிபுவின் வளர்ச்சி தஞ்சை மன்னருக்கு அச்சத்தையும் நவாபின் மகனுக்கு அழுக்காற்றையும் விளைத்தது. மராட்டியர் பெரும்படையுடன் தெற்கே வந்தனர். 1740-இல் தாமல்செருவுக் கணவாயில் நடந்த போரில் நவாபு தோஸ்து அலி கான் வெட்டுண்டு மாண்டார். அடுத்த ஆண்டு ரகூஜி போன்ஸ்லேயின் தலைமையில் மராட்டியர் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டனர். உடன்பிறந்தானுக்கு உதவியாக உணவுப் பொருள்களுடன் விரைந்து வந்த படே சாகிபு வழியிலேயே போரிட்டு உயிர் துறந்தான். உணவும் குறைந்தது, உதவியும் அற்றது. 1741-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சந்தா சாகிபு கோட்டையை ஒப்படைத்துச் சிறைப்பட்டான். மராட்டியர் அவனைச் சதாராவிற்குக் கொண்டு சென்றனர்; முராரி ராவைத் திருச்சிராப்பள்ளியின் தலைவனாக விட்டுச் சென்றனர்.

போர் தொடங்குமுன்பே சந்தா சாகிபு தன் மனைவியையும் மகனையும் புதுச்சேரிக்கு அனுப்பியிருந்தான். அவர்களை ஒப்படைக்குமாறு மராட்டியர் கேட்டனர். ஆளுநர் டூமா அதற்கு இணங்க மறுத்துவிட்டார். அடைக்கலம் புகுந்தோரைக் காத்த இச்செயல் பிரெஞ்சுக்காரரின் பெயரைத் தென்னாடு முழுவதும் உயர்த்தியது. சிறையிலிருந்த சந்தா சாகிபுவின் உள்ளத்திலும் அது நீங்காது பதிந்தது.

ஏழாண்டுகள் அவன் சிறையில் கழித்தான். அதற்குள் தென்னாட்டில் பல மாறுதல்கள் நிகழ்ந்தன. நவாபு சப்தர் அலி 1742-இல் வேலூரில் கொல்லப்பட்டார். 1743-இல் நிசாம் படையுடன் வந்து திருச்சிராப்பள்ளியை மராட்டியரிடமிருந்து மீட்டார். சப்தர் அலியின் இளமைந்தனும் 1744-இல் கொலையுண்டான். பின்னர் நிசாம் தம் அலுவலராகிய அன்வருத்தீனை ஆர்க்காட்டு நவாபாக்கினார். பழைய நவாபு குடும்பத்தாருக்கு இது பிடிக்கவில்லை. அக்குடும்பத்தின் சார்பில் நின்று போரிடத்தக்க ஒருவன் சதாராவில் சிறைப்பட்டிருக்கிறான் என்பதைப் பலரும் நினைவில் வைத்திருந்தனர். அவர்களுள் ஒருவர் புதுச்சேரியின் புதிய ஆளுநராகிய டூப்ளே.

இரண்டு கம்பெனிகள்

ஆங்கிலக் கம்பெனி சென்னையிலும், பிரெஞ்சுக் கம்பெனி புதுச்சேரியிலும் வாணிகத்திற்காகவே நிலைகொண்டவை. துணியும் மிளகும் நீலமும் அவற்றின் நாட்டம். ஆயினும் ஐரோப்பாவில் இவ்விரு நாடுகளுக்கும் போர் மூண்டபொழுது அதன் தீப்பொறி சோழமண்டலக் கரையிலும் வந்து விழுந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்துக்கொண்டனர். நவாபு அன்வருத்தீன் தம் மகனை ஒரு பெரும்படையுடன் அனுப்பினார். அடையாற்றங்கரையில் அப்படையை, பயிற்சி பெற்ற சில நூறு பிரெஞ்சு வீரரும் சிப்பாய்களும் சிதறடித்தனர். எண்ணிக்கையைவிடப் பயிற்சியும் விரைந்து சுடும் துப்பாக்கியும் வலியவை என்பதை அப்போர் எல்லோர்க்கும் காட்டியது.

1748-இல் ஐரோப்பாவில் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டது. சென்னை ஆங்கிலேயரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. இனி இரண்டு கம்பெனிகளும் வெளிப்படையாகப் போர் செய்தல் இயலாது. ஆனால் பகை அடங்கிற்றா? இல்லை. படைவீரர் இருந்தனர்; அவர்களுக்கு வேலை இல்லை; செலவோ மிகுதி. அந்நிலையில் டூப்ளே ஒரு புது வழியைக் கண்டார். நாட்டு மன்னர் இருவர் அரியணைக்குப் போட்டியிடும்பொழுது ஒருவர்க்குப் படையுதவி செய்ய வேண்டும். அவர் வென்றால் அவர் தரும் நிலமும் வரியும் தம் கம்பெனிக்குச் சேரும். போர் மன்னருடைய பெயரால் நடக்கும். பயன் கம்பெனிக்கு விளையும். ஆங்கிலேயரும் விரைவில் இதே வழியைக் கைக்கொண்டனர்.

இதற்கு ஏற்றவனாகச் சந்தா சாகிபு கிடைத்தான். டூப்ளேயின் உதவியால் மராட்டியர்க்கு மீட்புப் பணம் தர ஏற்பாடாயிற்று. 1748-இல் விடுதலை பெற்றுச் சந்தா சாகிபு தெற்கு நோக்கிப் புறப்பட்டான். அவ்வாண்டிலேயே நிசாம் இறந்தார். அவர் மகன் நாசிர் ஜங்கும், மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங்கும் ஐதராபாத்திற்குப் போட்டியிட்டனர். சந்தா சாகிபு முசாபர் ஜங்குடன் சேர்ந்துகொண்டான். ஒருவனுக்கு ஐதராபாத்தும், மற்றவனுக்கு ஆர்க்காடும் வேண்டும். இருவர்க்கும் பிரெஞ்சுப் படையின் துணை இருந்தது.

வெற்றியும் தவறும்

1749-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் ஆம்பூரில் பெரும்போர் நடந்தது. முதுமை எய்திய அன்வருத்தீன் யானைமீதமர்ந்து போரிட்டுக் களத்திலேயே உயிர் நீத்தார். மூத்த மகன் சிறைப்பட்டான். இளைய மகனாகிய முகம்மது அலி தப்பியோடித் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டான். சந்தா சாகிபு ஆர்க்காட்டு நவாபானான். எட்டாண்டுகளுக்கு முன் கைதியாகச் சென்றவன் இப்பொழுது ஆட்சியாளனாகப் புதுச்சேரிக்குள் நுழைந்தான். தனக்கு உதவிய பிரெஞ்சுக்காரர்க்குப் புதுச்சேரியைச் சூழ்ந்த ஏறத்தாழ 80 ஊர்களை வழங்கினான்.

உடனே திருச்சிராப்பள்ளியைத் தாக்க வேண்டும் என்பது டூப்ளேயின் கருத்து. முகம்மது அலிக்கு அப்பொழுது படையும் இல்லை, பணமும் இல்லை, ஆங்கிலேயரும் அவனுக்கு உதவத் தயங்கிக்கொண்டிருந்தனர். ஆனால் சந்தா சாகிபுவிடம் படைவீரர்க்கு ஊதியம் கொடுக்கப் பொருள் இல்லை. ஆதலின் அவன் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லாது தஞ்சைக்குச் சென்று பொருள் கேட்டான். தஞ்சை மன்னன் பிரதாபசிங்கன் காலத்தின் அருமை அறிந்தவன். இன்று தருவதாகவும் நாளை தருவதாகவும் கூறி நாள்களைக் கடத்தினான். அதற்குள் நாசிர் ஜங் பெரும்படையுடன் கருநாடகத்திற்குள் வந்துவிட்டான். தஞ்சை முற்றுகை கைவிடப்பட்டது. ஒரு சில கிழமைகளை இழந்ததனால் சந்தா சாகிபு தன் வாழ்வின் நல்ல வாய்ப்பையே இழந்தான்.

1750-ஆம் ஆண்டு ஏற்றமும் இறக்கமுமாகக் கழிந்தது. பிரெஞ்சுப் படைத்தலைவர் சிலர் கலகம் செய்து விலகினர். அப்படை புதுச்சேரிக்குப் பின்வாங்கியது. முசாபர் ஜங் தன் மாமன் கொடுத்த வாக்கை நம்பிச் சரணடைந்து விலங்கிடப்பட்டான். சந்தா சாகிபோ நண்பரைக் கைவிடாமல், தன் குதிரைப் படையால் பின்வாங்கும் பிரெஞ்சுப் படைக்குக் காவலாக நின்று புதுச்சேரி சேர்ந்தான். பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தனர். டிசம்பரில் நாசிர் ஜங் தன்னைச் சார்ந்தவன் ஒருவனாலேயே கொல்லப்பட்டான். முசாபர் ஜங் சிறையினின்று விடுபட்டு நிசாமானான். அவன் டூப்ளேயைக் கிருட்டிணையாற்றிற்குத் தெற்கேயுள்ள நாட்டின் மேலாளராக அறிவித்தான். சந்தா சாகிபு அவர்க்குக் கீழ் ஆர்க்காட்டு நவாபானான். நவாபின் உரிமை இப்பொழுது ஒரு வாணிகக் கம்பெனியின் ஆளுநருக்குக் கீழ்ப்பட்டதாகிவிட்டது என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

திருச்சிராப்பள்ளி முற்றுகை

முகம்மது அலியின் கையில் எஞ்சியது திருச்சிராப்பள்ளி ஒன்றே. ஆனால் அந்த ஒரு கோட்டை ஒரு நாட்டிற்கு ஒப்பானது. தஞ்சையின் நெல்வயல்களுக்கும், மதுரைக்கும் நெல்லைக்கும், மைசூர்க்கும் செல்லும் வழிகள் அங்கே கூடின. அது முகம்மது அலியிடம் இருக்கும் வரையில் சந்தா சாகிபுவின் நவாபுப் பட்டம் நிறைவு பெறாது. அது வீழ்ந்தால் ஆங்கிலேயருக்குத் தென்னாட்டில் கால் வைக்க ஒரு நண்பனும் இரான். இதனை உணர்ந்த ஆங்கிலேயர் முகம்மது அலிக்குப் படையுதவி அனுப்பினர்.

1751-இல் சந்தா சாகிபு பிரெஞ்சுப் படையுடன் தெற்கே வந்தான். வாலிகொண்டபுரத்தருகே ஆங்கிலப் படை பின்னடைந்தது. திருவரங்கத்திலும் நிற்க இயலாமல் காவிரியைக் கடந்து திருச்சிராப்பள்ளி மதில்களின் கீழ் ஒதுங்கியது. திருவரங்கம் தீவு சந்தா சாகிபுவின் கைக்கு வந்தது. நகரம் முற்றுகைக்கு உள்ளாயிற்று. வெற்றி மிக அண்மையில் இருப்பதாகவே தோன்றியது.

அப்பொழுது ஒரு திடீர்த் திருப்பம் உண்டாயிற்று. ஆங்கிலக் கம்பெனியில் எழுத்தனாக வந்து படைவீரனாக மாறிய இராபர்ட்டு கிளைவு என்னும் இருபத்தைந்து வயது இளைஞன், திருச்சிராப்பள்ளியை நேரே காப்பதினும் ஆர்க்காட்டைத் தாக்குவதே சிறந்த வழி என்று கண்டான். சென்னை ஆளுநர் சாண்டர்சு அதற்கு இசைந்தார். சுமார் 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் அடங்கிய சிறு படையுடன் கிளைவு ஆர்க்காட்டை எதிர்ப்பின்றிக் கைப்பற்றினான். தன் தலைநகரம் பறிபோனதைக் கேட்ட சந்தா சாகிபு, திருச்சிராப்பள்ளியிலிருந்து படையில் ஒரு பகுதியைப் பிரித்து மகன் ராசா சாகிபுவின் துணைக்கு அனுப்பினான். கிளைவு விரும்பியதும் இதுவே. ஐம்பது நாள்கள் ஆர்க்காட்டுக் கோட்டை முற்றுகையைத் தாங்கி நின்றது. நவம்பரில் ராசா சாகிபு தோற்றுத் திரும்பினான்.

போரில் ஒரு தோல்வி பல தோல்விகளை அழைத்து வரும். அதுவரை யார் பக்கம் சேர்வது என்று காத்திருந்தோர் இப்பொழுது முகம்மது அலியின் பக்கம் சாய்ந்தனர். மைசூரின் தளவாயாகிய நஞ்சராசன் படையுடன் வந்தான். வெற்றிக்குப் பின் திருச்சிராப்பள்ளியையே தனக்குத் தருவதாக முகம்மது அலி அவனுக்கு மறைவாக வாக்களித்திருந்தான். முன்பு இந்நகரை ஆண்ட முராரி ராவ் மராட்டியக் குதிரைப் படையுடன் வந்தான். தஞ்சை மன்னன் தன் தளபதி மானோஜியை அனுப்பினான். புதுக்கோட்டைத் தொண்டைமானும் துணை நின்றார். ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு நோக்கம் இருந்தது. எல்லோரும் கூடியது சந்தா சாகிபுவை வீழ்த்துதற்கே.

தீவில் அகப்படுதல்

1752-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில் மேஜர் லாரன்சும் கிளைவும் புதிய படையுடன் திருச்சிராப்பள்ளியை அடைந்தனர். பிரெஞ்சுப் படைத்தலைவனாகிய லா என்பவன் மனந்தளர்ந்தான். நகரின் முன் நிற்பதைவிடக் காவிரியைக் கடந்து திருவரங்கம் தீவிற்குள் ஒதுங்குவதே நலம் என்று முடிவு செய்தான். சந்தா சாகிபுவிற்கு இதில் உடன்பாடு இல்லை. ஆறுகளுக்கு இடையே அடைபட்ட படை தானே தன்னைச் சிறைப்படுத்திக்கொண்டதாகும் என்பதை அவன் அறிவான். ஆயினும் படைக்கலமும் பீரங்கியும் பிறர் கையில் இருக்கும்பொழுது முடிவும் பிறர் கையிலேதான் இருக்கும். விருப்பமின்றியே அவனும் தீவினுள் சென்றான்.

அரங்கனின் மதில்கள் கோட்டையாயின. கோயில் வெளிகள் பாசறையாயின. இறைவழிபாட்டிற்கென எழுப்பப்பட்ட சுற்றுமதில்கள் வெடிமருந்தின் நாற்றத்தை அறிந்தன. வயல்கள் உழுவாரின்றிக் கிடந்தன.

கிளைவு கொள்ளிடத்தைக் கடந்து சமயபுரத்தில் தங்கினான். அதனால் புதுச்சேரியிலிருந்து வரும் வழி அடைபட்டது. இலால்குடியில் இருந்த உணவுக் கிடங்கு பறிபோயிற்று. கோயிலடியை மானோஜி கைப்பற்றினான். கொள்ளிடத்தின் வடகரையிலிருந்த பிச்சாண்டார்கோயிலும் ஆங்கிலேயர் வசமாயிற்று. டூப்ளே அனுப்பிய துணைப்படை திருவரங்கத்தை அணுக முடியாமல் வாலிகொண்டபுரத்திலேயே சரணடைந்தது. தீவைச் சூழ்ந்த வலை இறுகியது. ஊதியமும் உணவும் இன்றிச் சந்தா சாகிபுவின் வீரர் கூட்டங்கூட்டமாக அவனை விட்டு நீங்கினர். அவர்களைத் தடுத்து நிறுத்த அவனிடம் பொருளும் இல்லை. அவர்களுக்குச் சொல்ல நம்பிக்கைச் சொல்லும் இல்லை.

முடிவு

லாவும் பிரெஞ்சு வீரரும் சரணடைந்தால் போர்க்கைதிகளாவர். அவர்கள் உயிர்க்கு ஊறில்லை. சந்தா சாகிபுவின் நிலை வேறு. முகம்மது அலியின் கையில் அகப்பட்டால் அவன் உயிர் தப்பாது. ஆதலின் தஞ்சைத் தளபதி மானோஜியுடன் மறைவாகப் பேச்சு நடந்தது. பொருள் கைமாறியது. சந்தா சாகிபுவைப் பிரெஞ்சுக்காரர் ஊருக்குப் பாதுகாப்பாகக் கொண்டு சேர்ப்பதாக மானோஜி தன் வாளின்மீதும் உடைவாளின்மீதும் ஆணையிட்டான். பிணையாக ஒருவனைப் பெற்றுக்கொள்ளாமலே அவ்வாணையை நம்பிச் சந்தா சாகிபு இரவில் பல்லக்கேறித் தஞ்சைப் பாசறைக்குச் சென்றான். அங்கே அவனை வரவேற்றது விலங்கு.

மறுநாள் வெற்றி பெற்ற தலைவர்கள் கூடி அவனை யாரிடம் ஒப்படைப்பது என்று வழக்கிட்டனர். முகம்மது அலி கேட்டான், மைசூரார் கேட்டனர், மராட்டியர் கேட்டனர். ஆங்கிலேயர் காவலில் வைக்கலாம் என்று லாரன்சு கூறியதற்கு மற்றவர் இணங்கவில்லை. பின் அவர் அதில் தலையிடாது ஒதுங்கிக்கொண்டார். ஒருவரிடம் கொடுத்தால் மற்றவர் பகைவராவர் என்று அஞ்சிய மானோஜி, அப்பூசலுக்குக் கொடியதொரு முடிவு கண்டான். 1752-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், முதுமையை அணுகிக்கொண்டிருந்த அக்கைதி தலை வெட்டுண்டு மாண்டான். அத்தலை முகம்மது அலிக்குக் காணிக்கையாக அனுப்பப்பட்டது. பல ஆண்டுகள் தன்னோடு போரிட்டவனின் முகத்தை முகம்மது அலி அன்றுதான் முதன்முதலாகக் கண்டான் என்பர்.

அதே நாள்களில் லா சுமார் 800 பிரெஞ்சு வீரருடனும் 2,000 சிப்பாய்களுடனும் சரணடைந்தான். திருவரங்கக் கோயிலைக் காத்து நின்ற இராசபுத்திர வீரர் ஆயிரவர், மூன்றாம் மதிலுக்கு உள்ளே அயல் படை புகுந்தால் உயிருள்ளளவும் போரிடுவோம் என்று உறுதியுடன் நின்றதாகவும், ஆங்கிலேயர் அதனை மதித்து உட்புகாது விட்டதாகவும் வரலாறு கூறுகின்றது. தலைவர்கள் வாக்கை விலைக்கு விற்ற அந்நாளில், தம் கடமையை விலைபேசாத எளிய வீரரும் அத்தீவில் இருந்தனர்.

பின் விளைவுகள்

சந்தா சாகிபு மறைந்தான், போர் மறையவில்லை. திருச்சிராப்பள்ளியைத் தருவதாகச் சொன்ன வாக்கை முகம்மது அலி நிறைவேற்றவில்லை. ஏமாற்றமடைந்த நஞ்சராசன் பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து அதே நகரைத் தாக்கலானான். 1753-லும் 1754-லும் பொன்மலைப் பக்கத்தில் மீண்டும் மீண்டும் போர்கள் நிகழ்ந்தன. மக்களுட் பெரும்பாலோர் நகரைவிட்டு வெளியேறினர். இப்போர்க்களத்திலேயே பின்னாளில் மைசூரின் தலைவனாகப் புகழ்பெற்ற ஐதர் அலியும், மதுரையை ஆண்டு ஆங்கிலேயரை எதிர்த்து 1764-இல் தூக்கிலிடப்பட்ட யூசுப்கானும் போர்ப்பயிற்சி பெற்றனர்.

பிரெஞ்சுக் கம்பெனி செலவைக் கண்டு அஞ்சி 1754-இல் டூப்ளேயைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1760-இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. அடுத்த ஆண்டு புதுச்சேரியும் வீழ்ந்தது. 1763-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையில் இரு வல்லரசுகளும் முகம்மது அலியை நவாபாக ஏற்றுக்கொண்டன. தமிழ்நாட்டில் ஆளவேண்டியவர் இன்னார் என்பதைப் பிரான்சின் தலைநகரில் அயலார் கூடி எழுதினர்.

வென்ற முகம்மது அலி என்ன பெற்றான்? ஆங்கிலப் படையின் செலவு அவன் கணக்கில் எழுதப்பட்டது. கடன் தீர்க்க வரியை அடகு வைத்தான். அடகை மீட்க மேலும் கடன் வாங்கினான். 1795-இல் அவன் இறக்கும்பொழுது பட்டமும் கடனுமே மிஞ்சியிருந்தன. 1801-இல் கருநாடகத்தின் ஆட்சி முழுவதையும் கம்பெனியே எடுத்துக்கொண்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, திருவரங்கத்தில் சந்தா சாகிபுவைச் சூழ்ந்து நின்ற தஞ்சை தன் ஆட்சியுரிமையை இழந்துவிட்டது. மைசூரும் ஆங்கிலேயரின் சொல்லுக்கு அடங்கிவிட்டது. தோற்றவன் தலையை இழந்தான். வென்றவர் நாட்டை இழந்தனர்.

சந்தா சாகிபு கோழையல்லன், அறிவிலியும் அல்லன். பகைவர் கூட்டத்தின் நடுவிலும் நண்பரைக் கைவிடாத நேர்மை அவனிடம் ஒருகால் விளங்கியது. ஆனால் அரசி மீனாட்சிக்குக் கொடுத்த வாக்கை அவன் காக்கவில்லை. அவள் எந்நகரில் அவனை நம்பிக் கெட்டாளோ, அந்நகரின் எதிர்க்கரையிலேயே அவனும் ஒரு பொய்யாணையை நம்பிக் கெட்டான். வாக்கின் மதிப்பை அழித்தவர், தமக்கு இடர் வரும் நாளில் பிறர் வாக்கையே நாடி நிற்கவேண்டியவராகின்றனர்.

அவனுடைய வீழ்ச்சிக்கு இதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. உடன்பிறந்தார்க்குள் எழுந்த வழக்கைத் தாமே தீர்த்துக்கொள்ளாமல், தீர்ப்பதற்கு அயலாரின் பீரங்கியைத் தேடினான். அவனை எதிர்த்தோரும் அவ்வாறே செய்தனர். இரவல் வாங்கிய வாளுக்கு வட்டி உண்டு. அவ்வட்டியை அவன் தன் தலையாலும், அவனை வென்றவர் தம் நாட்டாலும், அவ்விருவர்க்கும் பின்வந்த மக்கள் ஒன்றரை நூற்றாண்டு அடிமை வாழ்வாலும் செலுத்தினர். காவிரியும் கொள்ளிடமும் இன்றும் திருவரங்கத்தைச் சூழ்ந்து ஓடுகின்றன. பாறைக்கோட்டையின் உச்சியில் ஏறி நின்று அவ்விரு ஆறுகளையும் காண்போர், ஒற்றுமை இழந்த ஒரு நாட்டின் கதை அங்கே எழுதப்பட்டிருப்பதை உணர்தல் வேண்டும்.